காலடியில் ஒரு கல்வி

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



மருத்துவமனையில் நோயாளியைப் பேணுவோருக்குப் பெயர் தேட நேர்ந்தபோது தமிழ் வேறெங்கும் செல்லவில்லை. அகத்திணைக்குள் நுழைந்து ‘செவிலி’ என்னும் சொல்லை எடுத்து வந்தது. சங்கப் பாடல்களில் தலைவியைப் பெற்றவள் நற்றாய், வளர்த்தவள் செவிலி. தோழியைப் பெற்றவளும் அவளே. தலைவி தலைவனுடன் உடன்போக்கில் சென்றுவிட்டாள் என்று அறிந்ததும் நற்றாய் பெரும்பாலும் இல்லத்திலிருந்தே புலம்புகிறாள். பாலை வழியில் தேடிப் புறப்படுபவள் செவிலி. எதிரே வருவோரிடமெல்லாம் கேட்டுக் கேட்டு நடக்கிறாள். பெற்ற உரிமை அவளுக்கு இல்லை. பேணிய உரிமை ஒன்றே உண்டு. அந்த உரிமையைக் கொண்டுதான் அவள் வெயிலில் இறங்குகிறாள். இன்றைய தொழிலுக்கு இச்சொல்லைச் சூட்டியவர் எவராயினும், அவர் நன்கு படித்தவர் என்பதில் ஐயமில்லை.

ஆனால் செவிலிக்கும் கீழே ஒரு படி இருக்கிறது. அதற்கு இலக்கியம் பெயர் தரவில்லை; அலுவலகம் தந்தது. ‘செவிலியர் உதவியாளர்’ என்று எழுதுகிறார்கள். குளிப்பாட்டுதல், படுக்கை விரிப்பை மாற்றுதல், நகம் வெட்டுதல், உணவு ஊட்டுதல், மலசலம் அகற்றுதல், உடல் வெப்பமும் இரத்த அழுத்தமும் பார்த்துக் குறித்தல் ஆகியவை அவர்தம் பணிகள். அமெரிக்க ஐக்கிய நாட்டில் முதியோர் மருத்துவ இல்லங்களில் இப்பணி செய்வோருக்குக் குறைந்தது 75 மணி நேரப் பயிற்சி வேண்டும் என்று 1987-இல் இயற்றப்பெற்ற சட்டம் கூறுகிறது. ஏறத்தாழப் பத்து வேலைநாள். மருத்துவர் ஒருவர் உருவாகப் பத்தாண்டுக்கு மேல் ஆகும் நாட்டில், நோயாளியின் உடலை மிக நெருங்கித் தொடுபவருக்குப் பத்து நாள் போதும் என்பது கணக்கு. இக்கணக்கு தலைகீழாகிய ஓரிடத்தைப் பற்றியதே இவ்வுரை.

அட்லாண்டிக் கடற்கரையிலுள்ள பாஸ்டன் நகரில் 1969-இல் ‘பைன் ஸ்ட்ரீட் இன்’ என்னும் வீடற்றோர் காப்பகம் தொடங்கப்பெற்றது. 1980-இல் நகரத் தீயணைப்புத் துறையின் பழைய தலைமையகத்துக்கு அது இடம் மாறியது. உயர்ந்த கோபுரம் ஒன்றைத் தாங்கி நிற்கும் கட்டடம். அங்கு இரவு தங்க வருவோரை ‘விருந்தினர்’ என்றே குறிப்பிடுவது வழக்கம். விருந்து என்பதற்குப் புதுமை என்பது பழம்பொருள். தொல்காப்பியத்தைப் பயின்றோர் அறிவர். இருபது ஆண்டுகளாக ஒவ்வோர் இரவும் அதே கட்டிலுக்கு வரும் ஒருவரைப் புதியவர் என்று அழைப்பதில் ஒரு முரண் இருக்கத்தான் செய்கிறது. ஆயினும் ‘கைதி’, ‘ஏழை’, ‘வழக்கு எண்’ என்னும் சொற்களுக்கு நடுவே இச்சொல் தாழ்வில்லை.

வீடற்றோர் மருத்துவமனைக்குச் சென்றால் நீண்ட நேரம் காத்திருக்க வேண்டும். காத்திருந்தால் காப்பகக் கட்டில் போய்விடும். சென்ற இடத்திலும் முகச்சுளிப்பே எதிர்கொள்ளும். ஆகவே பலர் செல்வதில்லை. இதனை உணர்ந்த பாஸ்டன் நகர மருத்துவமனைச் செவிலியர் சிலர் 1972-இல் காப்பகத்துக்குள்ளேயே ஒரு செவிலியர் மனையை அமைத்தனர். மருத்துவர் இல்லாத மருத்துவமனை என்று அதனைக் கூறலாம். அச்செவிலியருள் குறிப்பிடத்தக்கவர் பார்பரா மெக்கின்னிஸ். நகரக் காசநோய்த் தடுப்புப் பணியில் இருந்தவர், புனித பிரான்சிஸின் வழி நிற்கும் பொதுநிலையினர் சபையைச் சார்ந்தவர், 2003-இல் மறைந்தார்.

1985-இல் இரண்டு அறக்கட்டளைகள் அமெரிக்க நகரங்கள் பலவற்றில் வீடற்றோர் மருத்துவத் திட்டத்துக்குப் பொருள் வழங்கின. பாஸ்டனில் அப்பொறுப்பை ஏற்க மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் பயிற்சியை முடித்திருந்த ஜிம் ஓ’கானல் என்னும் மருத்துவர் அழைக்கப்பெற்றார். நியூயார்க்கில் புற்றுநோய் உயர்பயிற்சிக்கு இடம் கிடைத்திருந்தது. ஓராண்டு மட்டும் இருந்துவிட்டுப் போவதாகவே அவர் இசைந்தார். முதல் நாளே செவிலியர் அவரை வரவேற்ற முறை வேறாக இருந்தது. அவர் கற்றுவந்த விரைவு இங்கு உதவாது என்று கூறினர். ஸ்டெதாஸ்கோப்பைப் பையில் வைக்கச் சொல்லி, ஒரு தொட்டியைக் கையில் கொடுத்து, விருந்தினரின் கால்களைக் கழுவப் பணித்தார் மெக்கின்னிஸ். ஏறத்தாழ இரண்டு மாதம் அவர் அதனையே செய்தார். நாட்டின் மிகச் சிறந்த மருத்துவமனைகளுள் ஒன்றில் பயின்றவர் செவிலியர் உதவியாளராக ஆக்கப்பெற்றார் என்று சொன்னால் அது மிகையாகாது.

அந்நாட்களைப் பற்றி ஓ’கானல் பலமுறை கூறியுள்ள நிகழ்ச்சி ஒன்று உண்டு. மனநோயால் துன்புற்ற ஒரு முதியவர். மருத்துவமனைக்குப் பலமுறை கொண்டுவரப்பட்டும் எந்த மருந்தையும் ஏற்காதவர். அவருடைய வீங்கிய கால்களை ஓ’கானல் வாரக் கணக்கில் நீரில் ஊறவைத்துக் கழுவினார். பேச்சு எதுவும் இல்லை. ஒருநாள் முதியவரே வாய்திறந்து, நீர் மருத்துவர் என்றல்லவா நினைத்தேன், இங்கே ஏன் கால் கழுவிக்கொண்டிருக்கிறீர் என்னும் பொருள்படக் கேட்டார். பிறகு ஒருநாள், தூக்கம் வர ஏதேனும் தர இயலுமா என்று கேட்டதும் அவரே. ஆண்டுகள் பல முயன்றும் மருத்துவமனையால் பெற இயலாத இசைவை ஒரு தொட்டி வெந்நீர் பெற்றுத் தந்தது. ஓராண்டுக்கென வந்த மருத்துவர் பின்னர் அப்பணியை விட்டுச் செல்லவே இல்லை.

ஏன் கால்? கையை விட்டு, முகத்தை விட்டு, காலில் ஏன் தொடங்க வேண்டும்? இக்கேள்விக்கு உருவகமாக விடை சொல்லக் கவிஞர்கள் விரைவர். உடலின் விடையை முதலில் கேட்பது நன்று.

வீடற்றவரின் நாள் முழுவதும் நிற்பதும் நடப்பதுமே. உணவுக்கு வரிசை, கட்டிலுக்கு வரிசை, காலையில் வெளியேறியபின் மாலைவரை நடை. படுக்க இடமில்லாத இரவில் நாற்காலியிலோ வாயிற்படியிலோ அமர்ந்தே உறங்குவார். கிடக்கும் உடலில் காலிலிருந்து எளிதில் மேலேறும் குருதி, அமர்ந்த உடலில் கீழேயே தேங்கும். கால் வீங்கும், தோல் கருத்துத் தடிக்கும், கணுக்காலுக்குமேல் ஆறாப் புண் தோன்றும். காலணியைக் கழற்றி வைத்தால் விடிவதற்குள் களவுபோகும். ஆகவே நனைந்த காலுறையும் காலணியும் பகலும் இரவும் காலிலேயே இருக்கும். உறைநிலைக்குச் சற்று மேலுள்ள குளிரில் நாட்கணக்கில் ஈரத்தில் கிடந்த கால் வெளுத்து மரத்துப்போகும். சூடேறும்போது தாங்கொணா வலி எடுக்கும். முதல் உலகப் போரில் பதுங்குகுழிகளில் நின்ற வீரர்களுக்கு வந்த அதே நோய்தான். அப்போரில் உடற்பேன் பரப்பிய ‘பதுங்குகுழிக் காய்ச்சல்’ கூட 1990-களில் சியாட்டிலிலும் மார்சேயிலும் வீடற்றோரிடம் கண்டறியப்பட்டது. போர் முடிந்த நகரங்களில், போர்க்களத்தின் நோய்கள் நடைபாதையில் தங்கிவிட்டன.

இனி உதவியாளரின் வேலை. காலுறை தோலோடு ஒட்டியிருந்தால் இழுக்கக் கூடாது. நனைத்து நனைத்துக் கழற்ற வேண்டும். நீரின் சூட்டைக் கால் உடையவரைக் கேட்டறிவதில் பயனில்லை, ஏனெனில் நீரிழிவால் உணர்வு மரத்தவருக்குக் கொதிநீரும் இதமாகவே தோன்றும். உதவியாளரே சோதித்தறிய வேண்டும். அத்தகையவர் காலை நெடுநேரம் ஊறவைப்பதும் தீங்கு. கழுவியபின் விரலிடுக்குகளை ஒவ்வொன்றாக ஒற்றித் துடைக்க வேண்டும். நகத்தை நேராக வெட்ட வேண்டும். குளிர் கடித்து உறைந்த விரலைத் தேய்த்துச் சூடேற்றுவது பெரும்பிழை. மீண்டும் குளிரில் உறையப்போகும் காலை உருகவைப்பது அதனினும் பெரும்பிழை. இவற்றுள் எதுவும் அருஞ்செயல் இல்லை. ஆனால் ஒவ்வொன்றுக்கும் நேரம் வேண்டும். அந்த நேரத்தில் குனிந்த தலையும் நிமிர்ந்த தலையும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும்.

நிமிர்ந்த தலை விருந்தினருடையது. இதுவே செவிலியர் மனையின் நுட்பம். மருத்துவமனையில் நோயாளி கிடக்கிறார், மருத்துவர் நிற்கிறார், மேலிருந்து பார்க்கிறார். ஜார்ஜ் ஆர்வெல் 1929-இல் பாரிஸ் மருத்துவமனை ஒன்றில் நோயுற்றுக் கிடந்த பட்டறிவை 1946-இல் ‘ஏழைகள் எவ்வாறு இறக்கிறார்கள்’ என்னும் கட்டுரையாக எழுதினார். மாணவர் கூட்டம் கட்டிலைச் சூழ்ந்து நெஞ்சைத் தட்டிக் கேட்கும். கிடப்பவரிடம் ஒரு சொல்லும் பேசாது. அங்கே தொடுதல் இருந்தது, பேணுதல் இல்லை. கால் கழுவுபவரோ தாழ்ந்த முக்காலியில் அமர்கிறார். விருந்தினர் விரும்பினால் பேசலாம். விரும்பாவிடில் பார்வையை வேறெங்கேனும் வைத்துக்கொள்ளலாம். கண்ணைப் பார்த்து வினவினால் அஞ்சி எழுந்து போகும் மனநோயாளர்க்கு, தம் காலைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவரிடம் அச்சம் குறைகிறது.

பெரிய புராணத்தில் கலிக்கம்ப நாயனார் வரலாற்றை இங்கே நினைக்காதிருக்க இயலாது. பெண்ணாகடத்து அடியவர் அவர். இல்லம் வரும் சிவனடியார்களின் கால்களைக் கழுவி அமுது படைப்பவர். முன்பு அவ்வீட்டில் ஏவல் செய்தவன் ஒருவன் ஒருநாள் அடியார் கோலத்தில் வந்தான். மனைவியார் கரக நீர் வார்க்கத் தயங்கினார். நாயனார் அவர் கையைத் துணித்துவிட்டுத் தாமே நீர் வார்த்துக் கழுவினார். அவ்வன்மையை இக்காலத்து நெஞ்சம் ஏற்பதற்கில்லை. ஏற்க வேண்டியதும் இல்லை. ஆனால் சேக்கிழார் சரியான இடத்தில் விரலை வைத்தார். தயக்கம் காலைக் கண்டு எழவில்லை. அக்கால் முன்பு எங்கே நின்றது என்னும் நினைவினால் எழுந்தது. காப்பகத்துக்கு வருபவர் சிறையிலிருந்து வந்திருக்கலாம். நேற்று இதே உதவியாளரைக் கடுஞ்சொல்லால் வைதிருக்கலாம். கழுவி அனுப்பிய காலோடு சென்று குடித்துவிட்டு அதே அழுக்கோடு திரும்பியிருக்கலாம். நீர் வார்க்கும் கை ஒரு நொடி தயங்கும். அந்த நொடியைக் கடப்பது 75 மணி நேரப் பயிற்சியில் எந்த மணியிலும் கற்பிக்கப்படுவதில்லை.

கால் கழுவுதலோடு பணி முடிவதுமில்லை. கழிப்பறைக் கதவு நெடுநேரம் மூடியிருந்தால் தட்டிப் பார்ப்பது உதவியாளரின் வேலை. பாஸ்டன் வீடற்றோரிடையே 2003 முதல் 2008 வரை நேர்ந்த இறப்புகளை ஆராய்ந்தபோது, போதைமருந்து மிகையே தலையாய காரணம் என்று தெரியவந்தது. மூக்கில் தெளிக்கும் நலாக்சோன் மருந்து சில நிமிடங்களுக்குள் சென்றால் நின்றுபோகும் மூச்சு திரும்பும். அச்சில நிமிடங்களைக் காப்பவர் பெரும்பாலும் மருத்துவர் அல்லர், கதவருகே நிற்பவர். 1988-க்கும் 1993-க்கும் இடைப்பட்ட காலத்தைப் பற்றிய முந்தைய ஆய்வு, பாஸ்டன் வீடற்றோர் இறந்தபோது அவர்தம் சராசரி வயது 47 எனக் கண்டது. வயதை ஊகித்துச் சொல்வதில் காப்பகத்துக்குப் புதிதாக வரும் உதவியாளர் தவறுவது இயல்பு. எழுபது என்று எண்ணியவர் ஐம்பதைத் தொட்டிருக்க மாட்டார்.

தொற்றுநோய்கள் வந்தபோது இவ்வேலையின் எல்லையும் புலப்பட்டது. 1980-களின் நடுவில் பாஸ்டன் காப்பகத்தில் மருந்துக்கு அடங்காத காசநோய் பரவியது. முன்பே தொற்றுக்கு ஆளானவருக்கும் புதிதாக மீண்டும் தொற்றக்கூடும் என்னும் உண்மை அங்கிருந்துதான் 1986-இல் மருத்துவ இதழுக்குச் சென்றது. 2020-ஆம் ஆண்டு ஏப்ரல் தொடக்கத்தில் பெருங்காப்பகம் ஒன்றில் 408 பேரைச் சோதித்ததில் 147 பேருக்குக் கோவிட் கிருமி இருந்தது. அவர்களுள் காய்ச்சல் இருந்தவர் மிகச் சிலரே. நெற்றியைத் தொட்டு நோயறியும் கை அன்று ஏமாந்தது. அருகிலிருந்து அறிவது எல்லாவற்றையும் அறிவதாகாது என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

மருத்துவமனையில் வைத்திருக்கும் அளவுக்கு நோய் இல்லை, தெருவுக்கு அனுப்பும் அளவுக்கு நலமும் இல்லை என்னும் நிலையில் உள்ளோருக்காக 1985-இலேயே 25 கட்டில்களுடன் ஒரு பிரிவு தொடங்கியது. பின்னர் அது தனி இல்லமாகிப் பார்பரா மெக்கின்னிஸின் பெயரைப் பெற்றது. 2008 முதல் 104 கட்டில்களோடு நடக்கும் அவ்வில்லம் இருப்பது நகரத்தின் பழைய பிணவறைக் கட்டடத்தில். மாதவி மகள் மணிமேகலை சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கிய காப்பியத்தைக் கற்ற அவைக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. அங்குள்ள உதவியாளரின் வேலைகளுள் ஒன்று காத்திருத்தல். குளிரில் இறந்த கால்விரலை உடனே வெட்டுவதில்லை. உயிருள்ள சதைக்கும் இறந்த சதைக்கும் இடையே கோடு தெளியும்வரை வாரங்கள், மாதங்கள் பொறுப்பர். கருத்து உலர்ந்த விரல் சிலவேளை தானே கழன்று விழும். அதுவரை நாள்தோறும் விரலிடுக்கில் உலர்ந்த துணி வைத்துக் கட்டுவதும், அக்காலை அதற்குரியவர் பார்க்க விரும்பாதபோது பேச்சை வேறு பக்கம் திருப்புவதும் உதவியாளரின் பொறுப்பு.

இவ்வளவையும் கேட்டபின் இப்பணியைப் புகழ்ந்துவிட்டுக் கலைந்து போவது எளிது. புகழ்ச்சி வாடகை கொடுக்காது. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் இவ்வேலை செய்வோருள் ஹைத்தி முதலிய நாடுகளிலிருந்து குடியேறியோர் பலர். மருத்துவத் தொழிலில் மிகக் குறைந்த ஊதியம் பெறுவோர் வரிசையில் இருப்பவர்களும் இவர்களே. பாஸ்டனோ அந்நாட்டில் வாடகை மிகுந்த நகரங்களுள் ஒன்று. தொட்டிக்கு இப்பக்கம் அமர்ந்தவருக்கும் அப்பக்கம் அமர்ந்தவருக்கும் இடையே உள்ள தொலைவு சில மாத வாடகை என்று சொல்லத்தக்க வாழ்வு சிலருடையது. மேலும், கழுவிய கால் திரும்பச் செல்வது அதே நடைபாதைக்கு. அமெரிக்க அரசு 2024 சனவரியில் ஓரிரவில் எடுத்த கணக்கில் வீடற்றோர் 7,71,480 பேர். அவர்களுக்கு வேண்டியது வீடு. வெந்நீர் வீட்டுக்கு ஈடாகாது. இதனை ஓ’கானலும் அவரோடு உழைத்தோரும் மறைத்ததில்லை. வீடு கிடைக்கும்வரை என்பதே அவர்கள் விடை. அந்த ‘வரை’ பலருக்கு ஆயுளைவிட நீண்டது என்பது இவ்விடையில் உள்ள துயரம்.

கவிஞர்களுக்கென ஒன்று எஞ்சியுள்ளது. தமிழில் அண்மைக் காலத்தில் நடைபாதைவாசியைப் பாடாத கவிதைத் தொகுப்பு அரிது. நல்ல உள்ளத்தோடு எழுதப்பெற்றவையே அவை. ஆனால் அவற்றுள் பெரும்பாலானவற்றில் நடைபாதைவாசி நாட்டின் குறியீடாகவோ கடவுளின் குறியீடாகவோ வருகிறார். வீங்கிய காலோடு வருவதில்லை. பெயரும் இல்லை, காலணி அளவும் இல்லை. நின்று பார்க்கும் உயரத்திலிருந்து எழுதப்பெற்ற வரிகள் என்பது படித்தவுடன் தெரிந்துவிடுகிறது.

பாரதி உரைநடையில் பாராட்டி எழுதிய வால்ட் விட்மன், 1862 இறுதியில் போரில் காயமுற்ற தம்பியைத் தேடிச் சென்று, பின் வாஷிங்டன் போர் மருத்துவமனைகளிலேயே தங்கிவிட்டார். பட்டம் பெற்ற மருத்துவர் அல்லர். ஊதியம் பெற்ற பணியாளரும் அல்லர். கட்டில் கட்டிலாகச் சென்று அமர்ந்தார். எழுத இயலாதோருக்குக் கடிதம் எழுதினார். அவர் கையில் இருந்தவை சிறு குறிப்பேடுகள். வீரனின் பெயர், கூடத்தின் எண், கட்டில் எண், அவன் வேண்டுவது. ஒருவனுக்கு ஆரஞ்சுப் பழம், ஒருவனுக்குப் புகையிலை, ஒருவனுக்கு அரிசிப் பாயசம். 1865-இல் அவர் வெளியிட்ட போர்க் கவிதைகளுக்கு இக்குறிப்பேடுகள் முன்னே நடந்தன. முதலில் வேண்டுவது என்ன என்று கேட்டு எழுதிக்கொண்டார். பாட்டு பின்னால் வந்தது.

காப்பகத்து உதவியாளர் இரவுப் பணி முடிந்து அடுத்தவரிடம் ஒப்படைக்கும் குறிப்பும் ஏறத்தாழ அவ்வகைப்பட்டதே. அதில் அடைமொழிக்கு இடமில்லை. ஒருவருக்குப் படிக்கும் கண்ணாடி. ஒருவருக்குப் பல்செட்டு வைக்க மூடியுள்ள கிண்ணம். ஒருவருக்குக் காலுறை இரண்டு இணை. ஒன்று உடுத்த, ஒன்று உலர. ஒருவருக்கு இடது காலுக்கு மட்டும் ஓர் அளவு பெரிய காலணி.